வளர்த்த நாயைக் கைவிடலாமோ?

ஓர் உயிரை நம் இல்லத்தில் வைத்து வளர்ப்பதனால் அதன்மீது நமக்கு உண்டாவது உரிமையா, கடமையா? இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பஞ்சசீலத்தை ஏற்று நடக்க முற்பட்ட இல்லறத்தார் ஒவ்வொருவரும் இதற்கு விடை காணக் கடமைப்பட்டவரே.

2019 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருவனந்தபுரம் சாக்கைப் பகுதியில், ஒரு சந்தையின் வாயிலருகே கைவிடப்பட்டிருந்த பொமரேனியன் வகைப் பெண் நாயொன்றை விலங்குநலத் தொண்டர்கள் மீட்டனர். அதன் கழுத்துப்பட்டையில் ஒரு கடிதம் இருந்தது. நல்ல இனம், நல்ல நடத்தை, மிகுந்த உணவு வேண்டாம், நோயில்லை, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டப்படுவது, மூன்றாண்டுகளில் ஒருவரையும் கடித்ததில்லை, பாலும் பிஸ்கோத்தும் பச்சை முட்டையும் உண்ணும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஏன் கைவிட்டனர்? அயலிலிருந்த ஒரு நாயுடன் அதற்குத் தகாத உறவு ஏற்பட்டுவிட்டதாம்! செய்தித்தாள்களில் இதனைப் படித்த பலர் நகைத்தனர். நகைத்து விட்டுவிடத் தக்கதன்று இது.

முதலாவதாக, அக்குற்றச்சாட்டையே ஆராய்வோம். காமத்தில் பிறழ்ந்தொழுகாமை மூன்றாவது சீலம். சீலம் என்பது ஒருவர் அறிந்து, தாமே விரும்பி மேற்கொள்ளும் பயிற்சி. மேற்கொள்ளாத நோன்பை முறித்ததாக எவ்வுயிர்மீதும் பழி சுமத்தல் இயலாது. பெண் நாய்க்கு ஆண்டில் ஏறத்தாழ இருமுறை பருவம் வருகிறது. துணை சேர்ந்தால் ஏறத்தாழ 63 நாட்களில் குட்டி ஈனுகிறது. இஃது இயற்கை. குட்டிகள் வேண்டாமெனில், பருவ நாட்களில் நாயை வீட்டினுள் வைத்துக் காப்பதும், கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்விப்பதும் வளர்ப்பவர் கடன். கடனை ஆற்றாதவர் ஒருவர். தண்டனை அடைந்தது மற்றோர் உயிர். இதனை நீதி என்பார் உளரோ?

இரண்டாவதாக, அக்கடிதம் எடுத்துரைத்த நற்பண்புகளுள் இனமும் ஒன்று என்பதைக் கருதுக. விலைகொடுத்து வாங்கும் நாயை ‘உயர்சாதி நாய்’ என அழைப்பது நம்மிடையேயும் வழக்கமாக உள்ளது. அச்சொல் நம் செவியில் உறுத்த வேண்டும். புல், மரம், பூச்சி, பறவை, விலங்கு ஆகியவற்றில் பிறப்பு வேற்றுமைக்கு உடலில் அடையாளம் உண்டு என்றும், மனிதரிடையே அத்தகைய அடையாளம் இல்லை என்றும் வாசெட்ட சூத்திரத்தில் பகவான் தெளிவுறுத்தினார். நாய்களுக்குள் கூறப்படும் உயர்வு தாழ்வோ, இயற்கை வகுத்ததன்று. நாய்கள் யாவும் ஒரே விலங்கினம். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயர் பெற்ற நாய் முன்னாளில் இன்னும் பெரிய உடலுடையதாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்டோரியா அரசியார் சிறிய நாய்களை விரும்பி வளர்க்கவே, மனிதர் தெரிந்தெடுத்து இணைசேர்த்து அதனை மேலும் சிறிதாக்கினர். நம் நாட்டில் பொமரேனியன் என்று வழங்குவனவற்றுள் பல, இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறு வகையே. எனவே இக்குலப்பெருமையை ஆக்கியவை மனிதர் விருப்பமும் வாணிகமுமே.

குக்குர ஜாதகம் இதனை அன்றே உணர்த்தியது. காசி மன்னனின் தேர்வார்கள் மழையில் நனைந்து கிடக்க, இரவில் நாய்கள் அவற்றைத் தின்றுவிட்டன. நாய்களையெல்லாம் கொல்லும்படி மன்னன் ஆணையிட்டான். அரண்மனையில் வளர்ந்த குலநாய்களுக்கு மட்டும் விலக்களித்தான். சுடுகாட்டில் நாய்த்தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசவை புகுந்து, உண்மையறியாமல் எளியவரைக் கொன்று குலத்தவரைக் காப்பது நீதியாகுமோ என வினவினார். மோரும் புல்லும் உண்பிக்கவே, அரண்மனை நாய்கள் தாம் தின்ற தோலைக் கக்கின. குலத்தைப் பார்த்தவன் குற்றத்தைப் பார்க்கவில்லை என்பது வெளிப்பட்டது.

இங்கு ஒருவர் தடை எழுப்பலாம். “திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரில், நாய் நடக்கும் கோயில் தெருவில் நம்மனையோர் நடக்கலாகாது என்றிருந்தது. அதனை எதிர்த்தே 1924 இல் வைக்கம் போராட்டம் எழுந்தது. 1936 நவம்பர் 12 இல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. நாயினும் கீழாக நடத்தப்பட்டோர் வழிவந்த நாம் வசதி படைத்தோர் வீட்டு நாய்க்கு இரங்க வேண்டுமோ?” இது நேர்மையான வினா. ஆனால் அத்தெருவில் நம்மை இழிவுசெய்தது நாயன்று. பிறப்பைக் கொண்டு உயிரை அளந்த அளவுகோல். அவ்வளவுகோலை நம்மளவில் மட்டும் மறுத்து, பிறவுயிர்கள்பால் கையாள்வோமாயின், நாம் சாதியை விட்டவர் ஆகோம். சாதியில் நம் இடத்தை மாற்றிக்கொண்டவரே ஆவோம்.

“கொல்லவில்லையே, யாரேனும் எடுத்து வளர்க்கட்டும் என்றுதானே விட்டனர்” என்பாரும் உளர். அக்கடிதத்தில் பரிவு முற்றிலும் இல்லை என்று நாமும் கூறோம். ஆயினும் மடியில் வளர்ந்த சிறு நாய்க்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது. வண்டிகளுக்கும் பெரிய நாய்களுக்கும் ஈடுகொடுக்க இயலாது. குளிர்நாட்டுக்கு ஏற்ற அதன் இரட்டை மயிரடுக்கு, திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் அதற்குச் சுமை. அதனை இவ்வாறு சார்புடையதாக்கியவர் மனிதர். சார்பை உண்டாக்கியவரைப் பொறுப்பு தொடர்கிறது. சங்கிலியை அவிழ்ப்பதனால் அது நீங்காது. பசியும் தாகமும் உறுமாறு விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. முதன்முறைக்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை. தண்டம் சிறிது என்பதால் தீவினை சிறிதாகிவிடாது.

இனி, வளர்க்க விரும்பும் அன்பர்கள் கருதத்தக்கவை சில. இவ்வகை நாய் 12 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டும் காக்க இயலுமா என்று முன்னரே எண்ணுக. உயிர்களை விற்கும் வாணிகம் உபாசகருக்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் ஒன்று. ஆதலின் விலைக்கு வாங்குவதினும் ஆதரவற்ற ஒன்றை எடுத்து வளர்ப்பது நன்று. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுவிக்க. பால் பல நாய்களுக்குச் செரிப்பதில்லை. வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சாகும். சிறு நாயின் மூச்சுக்குழல் மென்மையானது. கழுத்துப்பட்டையில் இழுக்காமல் மார்புப்பட்டை அணிவிக்க. பற்களைத் தூய்மை செய்க. வெயிலில் நடத்தற்க.

‘என் நாய்’ என்னும் பெருமை பற்றின்பாற்பட்டது. அப்பெருமைக்குக் குறைவு நேர்ந்ததும் அன்பு வற்றிவிடுமாயின், அது தொடக்கத்திலேயே மைத்ரி அன்று. மைத்ரியோ எதிரே நிற்கும் உயிரின் நலத்தையே நாடும். அவ்வுயிர் நமக்குப் பெருமை தருகிறதா என்று கேளாது. மடியிலிருக்கும் நாய்க்கும் தெருவிலிருக்கும் நாய்க்கும் அது பொது. அத்தகைய மைத்ரியை நம் இல்லங்களில் வளர்ப்போமாக.