பூனையின் கடியும் அருளின் பிடியும்

வீட்டுப் பூனை, தடவிக்கொடுக்கும் கையைத் திடீரென்று பல்லால் கவ்வும். தோல் கிழிவதில்லை, பல் பட்ட இடத்தில் லேசாகப் பள்ளம் விழுந்து மறையும். எலியின் கழுத்தை முறிக்கும் அதே கோரைப்பல்தான். அந்த வலிமையை அடக்கிவைப்பது அன்பா, பழக்கமா? பூனையின் வாய்ப்பிடியை வைத்து இறையருளையே விசாரித்த மரபு ஒன்று வைணவத்தில் உண்டு.

தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகும். குட்டி காலை மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். இறைவன் உயிரைக் காக்கும் விதத்துக்கு இவ்விரண்டும் உவமையாயின. வைணவத்தின் இரு பிரிவினரில் தென்கலையார் கொள்கையை மார்ஜார (பூனை) நியாயம் என்றும் வடகலையார் கொள்கையை மர்க்கட (குரங்கு) நியாயம் என்றும் சொல்வது வழக்கம்.

இரு பிரிவின் மடங்களும் அருகருகே இருக்கும் மைசூர்ப் பகுதிக்கு இந்த வாதம் புதிதல்ல. வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகரின் சீடர் பிரம்மதந்திர சுவதந்திர ஜீயர் நிறுவிய பரகால மடம் மைசூரில்தான் இருக்கிறது. உடையார் அரசர்களின் ராஜகுரு பீடமான வடகலை மடம் அது. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், ராமானுஜர் வாழ்ந்த மேல்கோட்டையில், தென்கலையாரின் யதிராஜ மடம்.

தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரின் வழியில், உயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யவேண்டியது எதுவுமில்லை. வரும் அருளை விலக்காமல் இருந்தால் போதும். அந்த விலக்காமையும் உபாயம், அதாவது அருளைப் பெறும் வழி, ஆகாது. பூனைக்குட்டியிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிடரித்தோல் அழுந்தியதும் உடல் தானாகத் தளர்கிறது. அடங்கிப்போவோம் என்று குட்டி தீர்மானிப்பதில்லை. உவமையைத் தேர்ந்தவர்கள் பூனையை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். வடகலையாரின் கேள்வியும் வலுவானது: உயிரின் பக்கம் ஒன்றுமே வேண்டாம் என்றால், ஒருவரைக் காத்து இன்னொருவரை விடுவது ஏன்? ஆகவே சரணாகதியை இறைவன் ஒரு வியாஜமாக எதிர்பார்க்கிறான் என்பார்கள். வியாஜம் என்பது ஒரு சாக்கு அளவே. குரங்குக்குட்டியின் பிடியோ உயிரைக் காக்கும் முழு முயற்சி. அந்த உவமை வடகலையாரின் கொள்கையைச் சற்று மிகைப்படுத்தவே செய்கிறது.

வளர்ந்த பூனையின் செல்லக்கடி வேறு வழியில் வருகிறது. குட்டிகள் கட்டிப்புரளும்போது கடி பலமானால் மற்றது கத்தும், திருப்பிக் கடிக்கும், விளையாட்டு நின்றுபோகும். அப்படித்தான் பல்லுக்கு அளவு படிகிறது. தாயையும் கூடப்பிறந்தவற்றையும் சீக்கிரமே பிரிந்த குட்டிகள் பலமாகக் கடிப்பதற்கு இது ஒரு காரணம். மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் 1952இல் சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சிசாலையில் குரங்குகள் பொய்ச்சண்டை போடுவதைப் பார்த்தார். விளையாட்டுக் கடி உண்மைக் கடியை நினைவூட்டும், ஆனால் அதன் பகையைச் சுமக்காது என்று 1955இல் எழுதினார். பேச்சில்லாத உயிரும் ‘இது நிஜமல்ல’ என்று தெரிவிக்க முடியும் என்பது தத்துவத்துக்குச் சிறிய செய்தியல்ல.

தடவும் வேளையில் விழும் கடிக்குப் பெரும்பாலும் ‘போதும்’ என்றே பொருள். அதற்கு முன் வால்நுனி துடிக்கும், காது பின்னால் சாயும், முதுகுத்தோல் சிலிர்த்து அலையும். இந்தக் கடியை அன்பென்று மட்டும் கொள்வது, மனிதர் தம் ஆசையைப் பூனைமேல் ஏற்றுவதாகும். அன்பே இல்லை என்பதும் சரியாகாது. அஞ்சும் கையைப் பூனை இவ்வளவு அளந்து கடிப்பதில்லை. வால் துடிக்கும்போதே கையை எடுத்துவிடுவது நல்லது. பல் தோலைத் துளைத்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.