டெலிவிஷன் காட்டாத ஓட்டம்



ஒலிம்பிக் பந்தயங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், 2021-ம் வருஷம் சூலை மாதம் 30-ந் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஞாபகத்துக்கு வரும். வியாதிக்காரர் ஒருவரைச் சந்திக்கப் போன வீட்டில், குடும்பம் முழுவதும் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தது. தோக்கியோ நகரில் ஆணும் பெண்ணும் கலந்தோடும் தொடர் ஓட்டம். ஆளுக்கு 400 மீட்டர். நம் தேசத்துக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் ரேவதி வீரமணி, நம் மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலத்துப் பெண்.

மூன்று நிமிஷம் இருபது விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. நம்மவருக்கு எட்டாம் இடம், அதாவது கடைசி. வீட்டுக்காரர் "அவ்வளவுதான்" என்று வேறு பக்கம் திருப்பினார். அன்று சிந்துவும் லவ்லினாவும் ஜெயித்திருந்தார்கள். அவர்களைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒளிப்பானேன், நானும் அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

ரேவதியின் கதையைப் பிறகுதான் பத்திரிகையில் வாசித்தேன். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவள். அவளையும் தங்கையையும் வளர்த்தது தாயைப் பெற்ற பாட்டி. அந்தப் பாட்டி அயலார் வயலிலும் செங்கல் காளவாசலிலும் கூலி வேலை செய்தாள். "பெண்பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு, நாலு காசு வரும்" என்றார்கள் உறவினர். அவள் இணங்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். காலில் சோடு இல்லாமலே பந்தயத்தில் ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். பாட்டிக்கு முதலில் பயந்தான். அவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். பிறகு லேடி டோக் கல்லூரியில் படிப்பும் விடுதியும் கிடைத்தன. (அது நம் சபையார் நடத்தும் கல்லூரியல்ல. நல்ல சமாரியனிடம் யாரும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கவில்லை.)

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பட்டணத்துக்கு அருகே இரண்டு வருஷத்துக்கொரு முறை பந்தயம் நடக்கும். ஜெயித்தவன் தலையில் இலைமுடி சூட்டுவார்கள். சில நாளில் அது வாடிவிடும். வாடாத முடிக்காக ஓடுகிறவர்களைப் பற்றி அவருக்கு அதிகக் கவலை. தோக்கியோவில் கொள்ளைநோய்க்குப் பயந்து சனங்களை உள்ளே விடவில்லை; காலியான ஆசனங்களின் நடுவே ஓடினார்கள். ஆனாலும் டெலிவிஷன் இருந்தது. காளவாசலில் சூட்டோடு செங்கல் சுமந்தவளை யார் படம் பிடித்தார்? சர்வேசுரன் பார்த்துக்கொண்டிருந்தார். தொடர் ஓட்டத்தில் கைக்குக் கை ஒரு கோல் மாறும். ரேவதியின் கைக்கு அது முதன்முதல் வந்தது பாட்டியின் கையிலிருந்துதான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நம் பங்கில் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளில் இருவரை மில் வேலைக்கு அனுப்பப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயர் சொல்லமாட்டேன். கடன் இருப்பதும் எனக்குத் தெரியும். கடனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. முன்பணம் வாங்குமுன் ஒருதரம் என்னிடம் வாருங்கள். பள்ளிச் செலவுக்கு என்ன செய்யலாம் என்று வின்சென்ட் தே பவுல் சபையாரோடு பேசியிருக்கிறேன். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அறைவீட்டுத் திண்ணையில் இருப்பேன். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.