தராசு முள்ளும் தலைச்சுமையும்

பத்திரிகை வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள் உண்டு. உலகத்துச் சண்டைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று முதலில் தெரியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். டென்னிஸ் போட்டிகளின் முடிவுகளை அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்னார் இன்னாரை இத்தனைக்கு இத்தனை என்று வென்றார். ஒரு வரி, சில எண்கள், அவ்வளவுதான். ஒரு மனிதன் பட்ட பாட்டை அந்த ஒரு வரியில் அடைப்பது நியாயமா என்று எனக்குள் ஒரு கேள்வி வெகு நாளாக இருக்கிறது.

2008 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தின் முடிவு இது: ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி, ஸ்பெயினின் ரஃபேல் நடாலை 6-0, 6-1 என்று வென்றார். ஆடிய பதின்மூன்று கேம்களில் நடாலுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அவரோ அப்போது உலக வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். பிரெஞ்சுப் பட்டத்தை 2005 முதல் மூன்று ஆண்டுகள் விடாமல் வென்றவர். விவரம் தெரியாத ஒருவர் இந்த வரியைப் படித்தால், 'பெரிய பெயர், சின்ன ஆட்டம்' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

ஆனால் அதற்கு முந்தின நாள் ஒன்று இருக்கிறதே! அரையிறுதியில் நடாலை எதிர்த்து ஆடியவர் கார்லோஸ் மோயா. இருவரும் மயோர்க்கா என்ற ஒரே தீவின் பிள்ளைகள். மோயா பத்து வயது மூத்தவர். 1999-ல் உலகின் முதலிடத்தில் இருந்தவர். 2004, 2005 இரண்டு ஆண்டுகளிலும் இதே சென்னைப் பட்டத்தைக் கொண்டுபோனவர். அன்று மூன்று செட்டுமே ஆறுக்கு ஆறு என்று சமமாகி, டை-பிரேக்கில்தான் தீர்ந்தன. 6-7, 7-6, 7-6. கூட்டிப் பார்த்தால் நடால் வென்றது இருபது கேம், மோயா வென்றது பத்தொன்பது. இரண்டாவது செட்டில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் மோயாவுக்கு வெற்றி என்ற நிலை ஒரு முறைக்கு மேல் வந்து கைநழுவிப் போயிற்று. ஏறக்குறைய நான்கு மணி நேரப் போராட்டம் அது. அந்தக் கால்களோடுதான் நடால் மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார். எதிரியால் நகர முடியவில்லை என்பதை யூஷ்னியே பிறகு ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் 6-0, 6-1 என்ற அந்த வரி பொய்யா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். நல்ல சாலை வராத காலத்தில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளி ஒருவர் புளியைத் தலைச்சுமையாகச் சுமந்து இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னசேலம் பக்கத்திலிருந்து இன்னொருவர் மாட்டு வண்டியில் புளி கொண்டுவருகிறார். இரண்டையும் மண்டித் தராசில் வைத்தால் முள் என்ன சொல்லும்? இது இத்தனை, அது இத்தனை என்று எடையைச் சொல்லும். ஒருவர் கழுத்து கடுத்ததையும் மற்றவர் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்ததையும் அது சொல்லாது. சொல்லவும் கூடாது. தராசு இரக்கப்பட ஆரம்பித்தால், இன்றைக்கு மலைக்காரருக்காக இரங்கும். நாளைக்கு மண்டிக்காரரின் மைத்துனனுக்காகவும் இரங்கும். கண் இல்லாததுதான் தராசின் யோக்கியதை.

ஆட்டத்தின் முடிவும் அப்படித்தான். நடால் களைத்திருந்தார் என்பதற்காக யூஷ்னி பெற்றதை வெற்றியில்லை என்று சொல்வது அநியாயம். அவரும் ஒவ்வொருவராக வென்றுதான் இறுதிக்கு வந்தார். 'உண்மையில் ஜெயித்தது நடால்தான்' என்று தோற்றவருக்கு மானசீகமாக மாலை போடுகிறவர்கள், வென்றவர் கழுத்திலிருந்து அதைப் பறித்துத்தான் போடுகிறார்கள்.

களைத்தவனை அப்படி அடித்து நொறுக்குவது தர்மமா என்று கேட்பீர்கள். ஆயுதம் இழந்து நின்ற இராவணனை இன்று திரும்பிப் போய் நாளைக்கு வரச் சொன்ன இராமன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம், கேட்கத்தான் செய்வோம். ஆனால் போர்க்களத்தில் தோற்றவனுக்கு நாளை கிடையாது. அதனால் அங்கே இரக்கம் பெரிய குணம். ஆட்டக்களத்திலோ தோற்றவனுக்கு அடுத்த வாரமே இன்னொரு ஊரில் இன்னொரு போட்டி இருக்கிறது. அங்கே எதிரிக்கு விட்டுக்கொடுத்து ஆடினால், 'நீ எனக்குச் சமமானவன் இல்லை' என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகும். முழு மூச்சோடு ஆடியதுதான் யூஷ்னி நடாலுக்குச் செய்த மரியாதை.

ஆகவே முடிவில் தவறில்லை. அதை நாம் படிக்கிற விதத்தில்தான் தவறு. புளியை நிறுத்த தராசில் ஆளையும் ஏற்றி நிறுத்துவிடுகிறோம். முப்பத்திரண்டு பேர் ஆடும் போட்டியில் முப்பத்தொரு பேர் தோற்றே தீரவேண்டும், அது கணக்கு. அந்த முப்பத்தொரு பேரும் உதவாக்கரைகள் என்று சொல்வது கணக்கல்ல. நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டனில் 1960-லும் 1961-லும் அரையிறுதியில் தோற்றார். முதல் ஆண்டு நீல் ஃபிரேசரிடம், அடுத்த ஆண்டு ராட் லேவரிடம். அவரைத் தோற்கடித்தவர்களே அந்தந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றார்கள். பட்டியலைக் கேட்டால் தோல்வி என்று சொல்லும். அந்தத் தோல்விகளை இன்றுவரை பெருமையோடு சொல்லிக்கொள்கிறோமே, நமக்கு என்ன, பைத்தியமா?

விளையாட்டு வீரனுக்குக் காட்டும் இந்த விவேகத்தை வீட்டுக்குள் மட்டும் மறந்துவிடுகிறோம். பரீட்சை முடிவு வந்த அன்று எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவதில்லை! மதிப்பெண் சரியாகவே இருக்கலாம். திருத்தியவர் இரக்கப்பட்டுக் கூட்டிப் போடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தாள் திருத்துகிறவருக்குக் கண் வேண்டாம், தகப்பனுக்கு வேண்டும். பையன் எந்த மலையிலிருந்து என்ன சுமையோடு இறங்கி வந்தான் என்று பார்க்க வீட்டில் ஒருவராவது இல்லாவிட்டால், ஓர் எண்ணைத் தன் விலை என்று நம்பி அவன் உடைந்துபோவான். பிறகு எந்தத் தராசாலும் அவனை நிமிர்த்த முடியாது.

சென்னையில் அந்தப் போட்டி 2017-க்குப் பிறகு நடக்கவில்லை, புனேவுக்குப் போய்விட்டது. 6-0, 6-1 என்ற வரி மட்டும் ஏட்டில் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். அதைப் படிக்கிறவர்கள் அதற்கு முந்தின நாளின் வரியையும் தேடிப் படித்தால் போதும்.