உரிமை கேட்டல் இரத்தலாகுமா?

நமக்கு உரியதை ஒருவர் தர மறுப்பின், வாய் மூடியிருத்தல் பெருந்தன்மையா, பேதைமையா? கெடா மாநிலத்து நம் மக்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 2017 நவம்பரில் பினாங்கையும் தென் கெடாவையும் புயற்காற்றும் வெள்ளமும் அலைக்கழித்தன. 2022 ஜூலை 4-இல் பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் மலைவெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது.

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் தவறாமல் காப்புறுதிப் பணம் கட்டினார். ஒரு நாள் காற்று கூரையைப் பெயர்த்தெறிந்தது. கம்பெனியிடமிருந்து கடிதம் வருகின்றது: "கூரை முன்பே பழுதுற்றிருந்தது; கொடுப்பதற்கில்லை." அவரோ, "எல்லாம் தலைவிதி" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார். மறுமுறை கேட்பது கையேந்துவதாகும் என்று நாணுகிறார்.

இந்நாணம் பொருந்தாது என்பதே எம் கருத்து. காப்புறுதி என்பது யாது? பலர் சிறிது சிறிதாக இட்ட பொதுப் பணத்தினின்றும், இடருற்ற சிலரைத் தாங்குதல். நம் தோட்டங்களில் நடைபெறும் மரண சகாய நிதியின் தத்துவமும் இதுவே. அந்நிதியைப் பெறும் குடும்பத்தை எவரேனும் இரவலர் என்பரோ?

பழைய வழக்கொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பெங்கூலுவில் ஆங்கிலேயரின் மால்பரோ கோட்டையை, 1760-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோட்டைத் தலைவர் கார்ட்டருக்கு அத்தகைய இழப்புக்கெனக் காப்புறுதி இருந்தது. பொறுப்பேற்றவரோ, "கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டீர்" என்று பணம் தர மறுத்தார். 1766-இல் இலண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு கார்ட்டர் பக்கமே தீர்ப்பளித்தார். உண்மை பேசும் கடமை இருதரத்தார்க்கும் உண்டு. கேட்டறிய வேண்டியதைக் கேளாதிருந்துவிட்டு, பணம் கொடுக்கும் வேளையில் குறை கூறலாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும், தமக்கெனக் காப்புறுதி செய்வோரிடம் வேண்டிய வினாக்களைக் கேட்கும் பொறுப்பைக் கம்பெனியின்மீதே வைக்கின்றது. கோட்டைத் தலைவனுக்குக் கிட்டிய நியாயம் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் உரியதன்றோ?

ஆயினும், நியாயம் கேட்போன் கையும் தூய்மையாயிருத்தல் வேண்டும். பத்து ஓடு உடைந்ததை நூறென்று எழுதுவோன் கம்பெனியை மட்டும் ஏமாற்றவில்லை. தன்னோடு பணம் கட்டிய அண்டை வீட்டாரையும் ஏமாற்றுகிறான். வெறும் தீக்காப்புறுதி எடுத்துவிட்டுப் புயற்சேதம் கேட்பதிலும் பயனில்லை. புயலும் வெள்ளமும் அதில் தனியே சேர்க்கப்பட வேண்டியவை. இரண்டு இலட்சம் ரிங்கிட் பெறும் வீட்டை ஒரு இலட்சத்துக்கே காப்புறுதி செய்தால், 20,000 ரிங்கிட் சேதத்துக்குப் பாதியே கிடைக்கக்கூடும். கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படியாமை நம் பிழையேயாகும்.

ஆனால், பிழை நம்முடையதன்றெனின் அடங்கியிருத்தல் தகாது. எந்த விதியின்படி மறுத்தீர் என எழுத்தில் கேளுங்கள். சேதத்தின் படங்களையும் பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகளையும் காத்து வையுங்கள். கம்பெனியின் முடிவான பதிலும் நியாயமற்றதாயின், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் ஆறு மாதத்துக்குள் முறையிடலாம். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது கட்டணமின்றி விசாரிக்கின்றது.

லயத்து வீட்டில் வாழ்வோர் நிலை வேறு. வீடு அவருடையதன்று, தக்க குடியிருப்புத் தரும் கடமையை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமீது சுமத்துகின்றது. ஒழுகும் கூரையைச் சுட்டிக் காட்டுவதும் உரிமையே.

வாக்குத் தவறுவோன் செய்வது ஒரு குற்றம். அதனை விதியென்று பொறுத்துக்கொள்வோன், நாளை தன் அண்டை வீட்டானுக்கும் அக்குற்றம் நேர வழி திறக்கின்றான். ஆதலின், மடித்து வைத்த கடிதத்தை மீண்டும் எடுங்கள், விடை எழுதுங்கள். அஃது இரத்தலன்று, கடமையேயாம்.