சீசன் டிக்கெட்டில் விட்டுப்போன ஊர்

"ஏய்யா, செத்த காலேஜ் இன்னும் இருக்கா?" என்று அத்தை கேட்டாள்.

கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் பல்லாவரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மறுபடி வந்து காட்டச் சொன்ன தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரி. 1974-இல், கல்யாணமான புதிதில், மாமாவோடு மெட்ராஸுக்கு வந்து மூன்று நாள் தங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள்.

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். உயிர் காலேஜ் என்றால் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை. ஒன்றில் பாடம் பண்ணி வைத்த மிருகங்கள், மற்றொன்றில் உயிரோடு உலவுபவை. 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மாடியில். காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டணம் பார்க்க வந்தவர்கள் இந்த இரண்டு காலேஜையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். உயிர் காலேஜ் 1985-இல் வண்டலூருக்குப் போனது. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்து போனது. செத்த காலேஜ் மட்டும் எழும்பூரிலேயே இருக்கிறது.

"இருக்கு அத்தே."

"உள்ள அந்தத் திமிங்கல எலும்பு கெடக்கா?"

எனக்குத் தெரியவில்லை. 1993-இல் தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 28 வருஷம் பல்லாவரத்துக்கும் கோட்டை நிலையத்துக்கும் இடையே மின்சார ரயிலில் போய் வந்தவன் நான். விடுமுறையெல்லாம் கழித்தாலும் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் எழும்பூர் நிலையத்தைக் கடந்திருப்பேன். அருங்காட்சியகம் பார்க்கவென்று ஒரு தடவைகூட இறங்கியதில்லை. மூன்று நாள் தங்கியவளுக்குத் திமிங்கலத்தின் எலும்பு 48 வருஷம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது.

அத்தை அதைக் குத்திக் காட்டவில்லை. "ஒனக்கு சோலி இருந்திருக்கும்" என்றாள்.

அந்தச் சொல்தான் அன்று ராத்திரி முழுக்க என்னை விடவில்லை. சோலி இருந்தது, உண்மை. இந்த ஊரில் நான் சோலி இல்லாமல் எங்கேயும் போனதில்லை என்பதும் உண்மை. தி.நகர் என்றால் தீபாவளித் துணி. பாரிமுனை என்றால் கல்யாணப் பத்திரிகை. அடையாறு என்றால் ஆஸ்பத்திரி. சைதாப்பேட்டை என்றால் கோர்ட்டு. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு காரியம். காரியம் முடிந்தால் அடுத்த ரயில். இப்படிக் காரியங்களாலேயே ஓர் ஊரை அறிந்துகொண்டு, "மெட்ராஸ்ல எனக்குத் தெரியாத எடம் கிடையாது" என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது வழிதான். எந்த பஸ், எந்தப் பக்கம் இறங்கினால் கூட்டம் குறைவு, எந்த வாசலில் வெயில் அடிக்காது, இவைதான்.

மறுநாள் காலை அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். "நீ வேலை பாத்த கோட்டையை மொதல்ல காட்டு" என்றாள்.

கோட்டைக்குள் பத்து மாடிக் கட்டடத்தில் என் பிரிவு இருந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் புனித மேரி தேவாலயம். 1680-இல் திறந்தது, இந்தியாவில் இருக்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களில் மிகப் பழையது. ராபர்ட் கிளைவுக்கு 1753-இல் கல்யாணம் நடந்தது இங்கேதான். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையில் மரமே வைக்காமல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். இத்தனையும் அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டீ குடிக்க எத்தனையோ நாள் அந்தச் சுவரை ஒட்டி நடந்திருக்கிறேன்.

கோயிலைச் சுற்றித் தரையெல்லாம் கல் பாவியிருக்கிறது. அத்தை இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், குனிந்து பார்த்தாள். கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்றாள். கல்லறைக் கற்கள் என்றேன். பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பதித்தவை. சில ஆங்கிலத்தில், சில லத்தீனில். ஒரு கல்லில் கேடயமும் இறகும் செதுக்கியிருந்தது. அத்தை சட்டென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெயில் ஏறிய கல் சுடத்தான் செய்திருக்கும். "பேரு எழுதியிருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுத்துள்ள கற்களில் கால் படாமல் ஓரமாகவே நடந்து வாசலுக்கு வந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். மொழியே தெரியாத பெயர்களுக்கு அவள் கொடுத்த மரியாதையைப் பார்த்து நானும் செருப்பைக் கழற்றினேன்.

கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இருக்கிறது. வெளிச்சம் குறைத்த அறையில், கண்ணாடிக்குப் பின்னால். அத்தை கண்ணாடியை ஒட்டி முகத்தை வைத்துப் புதுக் கண்ணால் இழையைப் பார்த்தாள். "பட்டு" என்றாள். ஆமாம், பட்டுத் துணிதான்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி இன்னொன்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் அதன் மொட்டை மாடியில்தான் எரிந்திருக்கிறது, எண்ணெய் விளக்காக. பிறகு 1844-இல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இப்போதும் நிற்கும் கல்தூணுக்குப் போனது. 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்துக்கு. 1977-இல் மெரினாவுக்கு. நெஞ்சுக்குள் ஏதோ செய்ததற்குக் காரணம் அம்மா. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாள் விட்டு எழும்பூர். அத்தை கேட்ட எலும்பு இருந்தது. "அப்படியே இருக்கு" என்று, ஊரில் விட்டுவந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சிரித்தாள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் வெகுநேரம் நின்றாள். "குளிப்பாட்டி எத்தனை காலமாச்சோ" என்றாள். எனக்கு அது கலைப்பொருள். அவளுக்கு அது அபிஷேகம் இல்லாமல் நிற்கும் சாமி. இரண்டு பார்வையில் எது சரி என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது அதைப் பற்றியல்ல, கைக்கோடரியைப் பற்றி.

கற்காலக் கருவிகள் வைத்திருக்கும் அறைக்குள் எல்லோரும் வேகமாக நடந்து போய்விடுகிறார்கள். கூழாங்கல்போல இருப்பவற்றில் என்ன பார்ப்பது என்று நானும் நடந்தேன். ஒரு பலகையில் "பல்லாவரம்" என்று கண்ணில் பட்டது. நின்றேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர் இந்த நாட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. இந்தியாவின் கற்கால வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படத் தொடங்கியது. அதே வருஷம் அவர் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அந்த ஊரில் பின்னாளில் தோண்டி எடுத்தவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை பின்னர் எழும்பூருக்கே வந்து சேர்ந்தன.

நான் தினமும் ரயில் ஏறிய ஊர் அது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது என் மனையிலும் செம்மண் சரளைதான் வந்தது. "நல்ல மண் சார், கட்டடம் உட்காராது" என்று மேஸ்திரி சொன்னார். அவ்வளவுதான் அந்த மண்ணைப் பற்றி நான் விசாரித்தது.

அத்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கோடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலைபோல, ஒரு முனை கூராக, மறுமுனை உருண்டு இருந்தது. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தடம். அவளுடைய வலது கை தானாக விரிந்து மடங்கியது. உருண்ட பக்கம் உள்ளங்கையில், பெருவிரல் ஓரத்தில். "கைக்கு வாட்டமா இருக்கும்யா" என்றாள். "கெழங்கு தோண்டவும் ஆகும், எலும்பு ஒடைக்கவும் ஆகும். செஞ்சவன் சோத்தாங்கைக்காரன்தான்." அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷம் களைக்கொத்தும் அரிவாளும் பிடித்த கை. அந்தக் கை மடங்கிய விதத்தைப் பார்த்த பிறகு அந்தக் கல் எனக்குக் கல்லாகத் தெரியவில்லை.

பரங்கிமலைக்கு ஒரு சாயங்காலம் போனோம். ஆட்டோ மேல்வரைக்கும் போகிறது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் இந்த மலையடியில்தான் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நில அளவையின் முதல் கோடு போட்டு அளந்தார். அங்கே தொடங்கிய அளவைதான் இமயம் வரை போய், கடைசியில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னது. மலையில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. அத்தைக்கு அதைவிட, கீழே மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதும் இறங்குவதும் பிடித்திருந்தது. இருட்டும்வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இனி அம்மா.

அம்மா 1997-இல் எங்களோடு வந்து சேர்ந்தாள்; 2015-இல் காலமானாள். பதினெட்டு வருஷம். அவள் பார்த்த சென்னையை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ரேஷன் கடை, வெள்ளிக்கிழமைச் சந்தை, பிள்ளையார் கோயில், பேரனின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. மெரினாவுக்கு இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது. பல வருஷம் மூடிக்கிடந்த கலங்கரை விளக்கத்தை 2013 நவம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. அம்மா அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்து, நான் வந்ததும் காட்டினாள். "லிப்ட் இருக்காம்யா, கால்வலிக்காரங்களும் போலாமாம். ஒருநாள் போயிட்டு வருவமா?"

"அது எங்கேம்மா ஓடிப்போகப் போகுது, எப்ப வேணா போகலாம்" என்றேன்.

பொங்கலுக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னேன். பிறகு அவள் கேட்கவில்லை.

"எப்ப வேணா" என்பதை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். திருப்பதிக்கு நாள் குறிக்கிறோம், ஊட்டிக்கு ரெண்டு மாசம் முன்னால் டிக்கெட் எடுக்கிறோம். பக்கத்தில் இருப்பதற்கு மட்டும் நாள் குறிப்பதில்லை. குறிக்காத நாள் வருவதில்லை. இதில் என் தப்பு இன்னும் ஒரு படி அதிகம். நான் தினமும் வீட்டை விட்டு வெளியே போனேன். ரயில் ஜன்னல் வழியாகவாவது ஊர் எனக்குக் கண்ணில் பட்டது. அம்மாவுக்கு அந்த ஜன்னலும் இல்லை. புறநகர் வீடுகளில் பிள்ளைகளோடு வந்து தங்கிய எத்தனையோ பெரியவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். தலைநகரத்தில் இருக்கிறார்கள் என்று ஊரில் பெயர். தெருமுனைக்கு அப்பால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. கேட்டால், பெட்ரோல் செலவு, கூட்டம், வெயில் என்று நம்மைவிட அவர்களே காரணம் சொல்லி நம்மைத் தப்புவிக்கிறார்கள்.

அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். லிப்ட் ஒன்பதாவது மாடிவரை போகிறது. மேலே காற்று சேலையைப் பிடுங்குகிறது. அத்தை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். தெற்கே சாந்தோம் கோபுரம், கீழே மீனவர்களின் படகுகள் வரிசையாக, வடக்கே துறைமுகத்தில் கப்பல்கள். மேற்கே பரங்கிமலையும் அதையடுத்து எங்கள் பல்லாவரமும் தெரிகிறதா என்று தேடினேன். புகைமூட்டத்தில் தெரியவில்லை.

"அக்கா வந்து பாத்தாளாய்யா?" என்று அத்தை கேட்டாள்.

இல்லை என்றேன். அத்தை கடலைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான். மற்ற நாட்களில் பெரும்பாலும் இரண்டும் திறந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு நாளைக் குறித்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.