பேசாதவரின் சம்மதம்

மனிதர் எப்போதும் நன்மை தீமைகளைச் சீர்தூக்கி முடிவெடுப்பதில்லை, எது முன்னரே அமைந்துவிட்டதோ அதிலேயே பெரும்பாலும் இருந்துவிடுகின்றனர் என்பதை நடத்தைப் பொருளியல் நிறுவியிருக்கிறது. இந்த இயல்பை அறிந்த அரசு, ஒருவர் எதுவும் சொல்லாவிட்டால் அவருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே வகுத்து வைக்கிறது. இதனை இயல்புநிலைத் தேர்வு எனலாம். பிரிட்டனில் 2012 அக்டோபர் முதல் படிப்படியாகத் தொழிலாளர்கள் தாம் கேட்காமலேயே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். வேண்டாதவர் விலகலாம் என்றிருந்தும் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே விலகினார்.

இத்தகைய மென்தூண்டலுக்கு, 2008இல் வெளிவந்த ‘நட்ஜ்’ நூலில் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் தந்த நியாயம், தூண்டப்படுபவரே தம் அளவுகோலின்படி நலம் பெறுகிறார் என்பதாகும். ஓய்வூதியத்துக்கு இது பொருந்துகிறது: சேமிப்பு அவருடையது, பின்னர் மனம் மாறவும் அவருக்கு வாய்ப்புண்டு. ஆனால் இறந்தபின் உறுப்புகளை எடுப்பதற்கு இதே உத்தியைக் கையாளும்போது நியாயத்தின் அடித்தளமே நழுவிவிடுகிறது; ஏனெனில் பயன் பெறுபவர் வேறொருவர், மறுக்க விரும்பியவரோ இனிப் பேசமாட்டார். அந்நூலாசிரியர்களே பின்னாளில் கருதப்பட்ட சம்மதத்தை, அதாவது மறுக்காதவர் அனைவரும் இசைந்தவர் என்று கொள்ளும் முறையை, ஏற்காமல், மக்களை நேரில் கேட்டுப் பதிவு செய்வதையே பரிந்துரைத்தனர் என்பது அதிகம் கவனிக்கப்படாத செய்தி.

2003இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காட்டினரும் ஜெர்மனியில் 12 விழுக்காட்டினரும் உறுப்புக் கொடைக்கு இசைந்தவர்களாகக் கணக்கிடப்பட்டனர். இந்த வேறுபாட்டை ஆஸ்திரியர்களின் ஈகைக்குச் சான்றாகக் கொள்வது பிழை. அங்கே எண்ணப்பட்டது விருப்பமன்று, மறுப்புப் படிவம் தராமை. கொடையில் உலகில் முன்னிற்கும் ஸ்பெயினில்கூட, 1979ஆம் ஆண்டுச் சட்டம் கருதப்பட்ட சம்மதத்தை ஏற்றிருந்தும், குடும்பத்தாரைக் கேட்காமல் உறுப்பு எடுப்பதில்லை. அந்நாட்டின் வெற்றிக்கு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் செய்யும் பணியே காரணமென்று அங்கே உறுப்புக் கொடைத் திட்டத்தை நடத்தியவர்கள் கூறுகின்றனர்.

உறுப்புக்காகக் காத்திருந்து இறப்போரின் உயிரும் அறத்தின் கணக்கில் உண்டு. ஆகவே இயல்புநிலைத் தேர்வு முழுதும் தவறென்பது எளிய தப்பித்தல். மௌனம் சம்மதமாவதற்கு, கேள்வி ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நெதர்லாந்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பதிவு செய்யாத ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பி, விடை வராவிட்டால் மீண்டும் அனுப்பி, அதன் பின்னரே அவரை மறுப்பில்லாதவர் என்று குறிக்கிறது. செலவும் தாமதமும் மிக்க வழிதான்; எனினும் மக்களின் சோம்பலைப் பயன்படுத்தும் அரசு இந்த அளவேனும் உழைக்கக் கடமைப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கருதப்பட்ட சம்மதத்தைக் கொண்டுவந்த இங்கிலாந்து, பதினெட்டு வயது நிரம்பாதவர்களையும், சட்டத்தைப் புரிந்துகொள்ள இயலாதவர்களையும், அங்கு வழக்கமாக வசித்துப் பன்னிரண்டு மாதம் நிறையாதவர்களையும் விலக்கியது. அறிய வாய்ப்பற்றவரின் மௌனம் சம்மதமாகாது என்று சட்டமே இவ்வாறு ஒப்புக்கொள்ளும்போது, பதின்மூன்றாம் மாதத்திலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத குடியேறியின் மௌனத்துக்கு மட்டும் வேறு பொருள் கொள்ள இடமில்லை.