மடியில் கனம்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், திருத்தணியைச் சேர்ந்த நண்பரொருவர் என்னைத் தேடி வந்தார். நூல் வாணிகர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வழக்கமான குசல விசாரிப்புகள் முடிந்ததும், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, "பாய், ஒரு பிஸ்டல் விலைக்கு வருகிறது. வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? மார்க்கம் இதற்கு என்ன சொல்லும்?" என்று வினவினார். நான் ஆலிம் அல்லன். ஃபத்வா வழங்கும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல வாய் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் உள்ள விசைத்தறிக்காரர்களுக்கு அவர் நூல் கடன் கொடுக்கின்றார். வாரம் ஒருமுறை சென்று நிலுவையை வசூலித்துக்கொண்டு இருட்டிய பின் திரும்புவார். கைப்பேசியிலேயே பணம் கைமாறும் காலம் இது என்றாலும், சிறு தறிக்காரர் பலர் இன்னும் ரொக்கமாகவே எண்ணி வைக்கின்றனர். ஈராண்டுகளுக்கு முன் ஓர் இரவில் மூவர் அவரை வழிமறித்துப் பையைப் பறித்தனர். பணம் போனதுடன் வலத் தோளெலும்பும் முறிந்தது. இன்றும் தொழுகையில் கையை உயர்த்தித் தக்பீர் கட்டும்போது அவர் முகம் சுளிப்பதைப் பின்வரிசையில் நின்று கண்டிருக்கின்றேன். ஆகவே வேடிக்கைக்காகவோ பெருமைக்காகவோ ஆயுதம் தேடுபவர் என்று அவரை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

விலைக்கு வந்தது பழைய வெப்லி ஸ்காட். உள்ளங்கைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் சிறு அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி. நூறாண்டை எட்டும் இரும்புத் துண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் விலை ஏன் என்று வியப்போர்க்குக் காரணம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் போன்ற படைத்துறை அளவுகள் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டவை; .32 எனப்படும் 7.65 மில்லிமீட்டர் அளவு உரிமம் பெற்றோர்க்கு அனுமதிக்கப்பட்டது. 1980களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வரவழைப்பது தடுக்கப்பட்டது. அதற்குமுன் வந்திறங்கிய வெப்லி, வால்தர், கோல்ட், ப்ரௌனிங் ஆகியவையே அன்றுமுதல் கைமாறிக் கைமாறி விலையேறி வருகின்றன. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் 'அஷானி' இருக்கவே இருக்கிறது. ஆயினும் பழைய சீமைச் சரக்கின்மேல் நம்மவர்க்குள்ள மோகம் தனி. என் நண்பரும் அதன் மெருகைப் பற்றிப் பேசும்போது தோள்வலியை மறந்துவிட்டார் என்பதை நான் கவனிக்கத் தவறவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் எளிதானதன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படிப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற வேண்டும். இத்தனைக்கும் பின் கிடைக்கும் உரிமத்தில் அது செல்லுபடியாகும் எல்லை எழுதப்பட்டிருக்கும். பொதுவாக அது தமிழ்நாட்டோடு நின்றுவிடும். அண்டை மாநிலத்துக்கு வேண்டுமாயின் தனியே அனுமதி பெற வேண்டும். சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி, ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் நம் மாநிலத்தோடு சேர்ந்ததை யாவரும் அறிவர். அன்று வகுத்த கோடு இன்று என் நண்பரின் இடுப்பருகே வந்து நிற்கிறது. அவர் அஞ்சும் சாலையின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளது. தனி அனுமதி கிடைக்காவிடில் எந்த இடத்துக்காக வாங்குகிறாரோ அந்த இடத்தில் அதை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். இதைக் கேட்டு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி அதனோடு தீரவில்லை. அனுமதி கிடைத்தால் என்ன செய்வது என்பதுதானே கேள்வி!

தற்காப்பை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்பது நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின்மேல் பொறுப்பைச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியதும் நமக்குப் பழகிய செய்தியே. நாட்டுச் சட்டமும் அவ்வாறே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை ஏற்கின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யலாகாது என்னும் வரம்பையும் இடுகின்றன. எனவே, ஆயுதம் தொடுவதே ஆகாது என்று நான் நண்பரிடம் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஆனால் எல்லா ஆயுதமும் ஒன்றன்று. வாள் தொங்கும் இடுப்பு தூரத்திலேயே தெரியும். எதிரே வருபவன் விலகிப் போகலாம், ஸலாம் சொல்லலாம், தானும் எச்சரிக்கையாக இருக்கலாம். சட்டைக்குள் மறையும் கைத்துப்பாக்கி எவர்க்கும் எதையும் அறிவிப்பதில்லை. அமெரிக்கரான ஜான் ப்ரௌனிங் வகுத்த அமைப்பில் பெல்ஜியத் தொழிற்சாலை இவ்வகைத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். சில ஆண்டுகளிலேயே அது நம் மண்ணுக்கு வந்துவிட்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, பின்னர்த் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையிலிருந்தது பெல்ஜியத்து ப்ரௌனிங். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை வீழ்த்தியதும் அதே தொழிற்சாலையின் 1910ஆம் ஆண்டு மாதிரி. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது இத்தாலிய பெரெட்டா. இரு நாட்களுக்கு முன் குவாலியரில் வாங்கிய பழைய துப்பாக்கி. நோக்கங்கள் வேறு வேறு. அவற்றை ஒரே தராசில் நான் நிறுக்கவில்லை. மறைத்துக்கொண்டு அருகில் செல்ல முடிந்தது என்னும் ஒன்றே மூன்றுக்கும் பொது.

இந்தக் கருவியின் தன்மையையும் நண்பருக்கு எடுத்துச் சொன்னேன். தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பலர் நம்புகின்றனர். குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கும்; விளையாட்டாக விசையை அழுத்தியவர் வீட்டில் அழுகுரல் எழும். பழைய மாதிரிகள் பலவற்றில், கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பூட்டும் இல்லை. ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்ட வேண்டாம், ஷைத்தான் அவர் கையிலிருந்து அதை இழுத்துவிடக்கூடும் என்ற பொருளில் அமைந்த நபிமொழியை இளமையில் ஓதியபோது ஓர் உவமையாகவே கொண்டேன். தேய்ந்த விசையும் தளர்ந்த சுருள்வில்லும் உள்ள பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அந்த இழுப்பு எத்துணை நேரிடையான செய்தி என்று விளங்கியது. உருவிய வாளைக் கைமாற்றலாகாது. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் போர்க்கள விதிகள் அல்ல. கூட்டத்தில் நடக்கும் ஒழுக்கம். ஆடிக் கிருத்திகை நாளில் காவடிகளுக்கிடையே தோளோடு தோள் உரச நடக்க வேண்டிய ஊரில் வாழ்பவர்க்கு இந்த நபிமொழிகளை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கவனத்தால் திருத்திக்கொள்ளக் கூடியவை. பயிற்சி பெறலாம், துப்பாக்கியைச் செப்பனிடலாம், பூட்டி வைக்கலாம். என்னை உறங்கவிடாதது வேறொன்று.

தோளெலும்பு கூடிய சில மாதங்களுக்குப் பின் ஒருநாள் அவருடைய வண்டியில் நானும் நகரியிலிருந்து திரும்பினேன். எல்லைக்குச் சற்று முன்னர் ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைப் பின்தொடர்ந்தது. நாங்கள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. கூட்டினால் அதுவும் கூட்டியது. அதில் இருவர். நண்பரின் கை இருக்கைக்கடியில் இருந்த இரும்புக் கம்பியைத் தேடியது. நான் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்கு ஓர் ஆயத்தும் நினைவுக்கு வரவில்லை. ஊர் விளக்குகள் தெரிந்ததும் அந்த வண்டி எங்களைக் கடந்து சென்றுவிட்டது. பின்னாலிருந்தவன் திரும்பி எங்களைப் பார்த்தான். அவர்கள் கள்வர்களோ, இருட்டில் துணை வேண்டி எங்கள் விளக்கொளியைப் பற்றி வந்த பிள்ளைகளோ, இன்றுவரை தெரியாது.

அந்தச் சில நிமிடங்களில் கம்பிக்குப் பதிலாக வெப்லி இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கின்றேன். கம்பியை வீச எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வர வேண்டும். அதற்குள் அவன் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். துப்பாக்கி அந்தத் தூரத்தைப் பறித்துவிடுகிறது. முகம் தெரியுமுன், குரல் கேட்குமுன், அவன் நெஞ்சில் உள்ளது இன்னதென்று நாம் தீர்ப்பு எழுதியாக வேண்டும். அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்கள் போர்க்களத்தில் வீழ்த்தப்போகும் வேளையில் கலிமா சொன்ன ஒருவரை, அச்சத்தால் சொன்னதென்று கருதிக் கொன்றுவிட்டார்கள். அவர் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அன்றைய தினம்தான் தாம் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்கு அக்கேள்வி அவர்களைச் சுட்டது. அதுவோ போர்க்களம், எதிரே நின்றவர் சற்றுமுன்வரை வாள் வீசியவர். நகரிச் சாலையில் எங்கள் பின்னால் வந்தவர்கள் செய்த குற்றமெல்லாம் எங்கள் வேகத்தில் வந்ததே.

'மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்' என்று நம் முன்னோர் சொன்னது பணமுடிப்பைக் கருதி. துப்பாக்கியும் மடியில் ஏறும் கனமே. அதைக் கட்டிக்கொண்டு புறப்படுபவர், அது தேவைப்படும் மனிதனை எதிர்பார்த்தே புறப்படுகின்றார். வருபவன் ஒவ்வொருவனும் அவனாக இருக்கலாம். சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நாளெல்லாம் சந்தேகத்தைத் தொழிலாகச் செய்ய வேண்டிய ஒரு பொருளை அணிந்துகொண்டு அக்கட்டளையை எங்ஙனம் நிறைவேற்றுவது?

இங்கே ஒரு மறுப்பு எழும், நண்பரே எழுப்பினார். சந்தேகிக்க மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்களே என்றார். உண்மை. 1948 ஜனவரி 20 அன்று பிரார்த்தனை மைதானத்தருகே குண்டு வெடித்த பின்னும், வருவோரைச் சோதிக்கக் காந்தியடிகள் இசையவில்லை. டில்லி முஸ்லிம்களின் உயிருக்காகத் தாம் உண்ணாநோன்பிருந்து முடித்த சில நாட்களில் அவர் வீழ்ந்தார். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஃபஜ்ர் தொழுகையில் மறைத்துக் கொணர்ந்த கத்தியால் குத்துண்டார்கள். கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் தம் வீட்டைக் காக்க வந்தோரை வாளுருவ வேண்டாமென்று தடுத்துவிட்டு ஷஹீதானார்கள். அம்மாமனிதர்களின் உறுதியை, பிள்ளைகுட்டிக்காரரான ஒரு நூல் வாணிகர்மேல் சுமத்த நான் யார்? என் தோள் முறியவில்லை. இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஒன்று மட்டும் சொன்னேன். ஒரு பயணத்தின் நண்பகலில் நாயகம் (ஸல்) அவர்கள் வாளை மரத்தில் தொங்கவிட்டு நிழலில் கண்ணயர்ந்தார்கள். கண் விழித்தபோது கிராமவாசி ஒருவன் அதே வாளை உருவி நின்று, தன்னிடமிருந்து யார் காப்பார் என்று கேட்டான். அல்லாஹ் என்று விடை வந்தது. அவனை அவர்கள் தண்டிக்கவும் இல்லை. இந்நிகழ்ச்சியைத் தவக்குலுக்குச் சான்றாகவே மேடைகளில் கேட்டு வந்திருக்கிறோம். வாள் வைத்திருந்தார்கள் என்பதும், ஓய்வில் அதைக் கழற்றி வைத்தார்கள் என்பதும், தம் ஆயுதமே பகைவன் கைக்குப் போயிற்று என்பதும் அதிலேயே உள்ளன. மூவர் சேர்ந்து மறித்த அன்று வெப்லி இருந்திருந்தால் அது பையோடு யார் கைக்குப் போயிருக்கும் என்று நண்பரைக் கேட்டேன். அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

அவர் கடையிலிருந்து பார்த்தால் மலைக்கோயில் தெரியும். சினம் தணிந்த இடமாதலின் தணிகை என்று பெயர் வந்ததாக இந்துப் பெருமக்கள் நம்புகின்றனர். ஏனைய முருகன் தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் அங்கே நடப்பதில்லை. சஷ்டியன்று மலரே சொரிகின்றனர். என் நண்பருக்கு இது சிறுவயதிலிருந்தே தெரியும். நான்தான் தாமதமாக அவரிடம் கேட்டறிந்தேன்.

தனி அனுமதிக்கு அலைவதைவிட வசூலைப் பகலுக்கு மாற்றலாமே, இரு வாணிகர் சேர்ந்து போகலாமே, தறிக்காரர்களின் பிள்ளைகளிடமாவது வங்கி வழியே பணம் வாங்கலாமே என்றெல்லாம் பேசினோம். பகலில் தறிக்காரர் கையில் பணம் இராது என்றார்; அதுவும் மெய்தான். நோன்புப் பெருநாளன்று ஈத்காவில் தழுவிக்கொண்டபோது விண்ணப்பம் என்னவாயிற்று என்று காதோடு கேட்டேன். படிவம் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறதென்றும், பாதி நிரப்பியிருப்பதாகவும், துப்பாக்கிக்குச் சொல்லி வைத்த தரகர் வாரந்தோறும் அழைப்பதாகவும் சொன்னார். இப்போதெல்லாம் மஃக்ரிபுக்கு முன் எல்லையைக் கடந்துவிட முயல்கிறாராம். சென்ற வாரம் மட்டும் இருட்டிவிட்டது.